செய்தி அறையின் முடிவுகளை வகுப்பறையில் கற்பிப்பது எப்படி? நிகழ்வு ஆய்வுகள் குறித்து ஒரு விவாதம்

வைகைக்கரை எழுதியது:

இதழியல் முதுகலை மாணவர்களுக்கு ஊடக அறம் என்ற தாளைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்றினால், இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளை மனப்பாடம் செய்யவைத்து, நெடுவினாவுக்கு விடை எழுதவைத்து அனுப்பிவிடலாம். துல்லியம், நடுநிலை, அந்தரங்கத்துக்கு மதிப்பு என்று அழகாக எழுதித் தேறிய மாணவர், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே விபத்தில் இறந்தவரின் வீட்டு வாசலில் நின்று புகைப்படம் கேட்க வேண்டி வரும்போது, அந்தப் பட்டியலின் எந்த வரி தனக்கு உதவும் என்று தெரியாமல் விழிக்கிறார். ஆகவே பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, உண்மையில் நடந்தவற்றை எடுத்துக்கொண்டு விவாதிக்கும் நிகழ்வு ஆய்வு முறைக்கு மாறினேன். சட்டக் கல்வியில் 1870-லேயே ஹார்வர்டில் லாங்டெல் தொடங்கிவைத்த முறைதான். மேலாண்மைக் கல்வி அதை எடுத்துக்கொண்டது, இதழியலுக்குத் தாமதமாக வந்தது.

மாறிய பிறகு வேறொரு சிக்கல் தெரிந்தது. கதையின் முடிவு தெரிந்த மாணவர் உடனே நீதிபதி ஆகிவிடுகிறார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 27 அதிகாலை பூங்காவில் குண்டு வெடித்தது. சந்தேகத்துக்குரிய பையை முதலில் கவனித்து மக்களை விலகச் செய்த காவலாளி ரிச்சர்ட் ஜூவல் நாயகனாகக் கொண்டாடப்பட்டார். ஜூலை 30 அன்று, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அவரையே சந்தேகிக்கிறது என்று அட்லாண்டா நாளிதழ் சிறப்புப் பதிப்பு வெளியிட்டது. அக்டோபரில் அவர் மீது சந்தேகம் இல்லை என்று அரசுத் தரப்பு அறிவித்தது. குண்டு வைத்த எரிக் ருடால்ஃப் 2005-இல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, வெளியிட்டிருக்கலாமா என்று கேட்டால், வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கூடாது என்கிறது. அடுத்த அணிக்கு ஜூலை 30 நண்பகல் வரை அந்த ஆசிரியர்களின் கையில் இருந்த தகவலை மட்டும் கொடுத்தேன். ஏறக்குறைய அனைவரும் வெளியிடலாம் என்றார்கள். இத்தனைக்கும் அந்தச் செய்தி பொய்யல்ல. எஃப்பிஐ அவரை உண்மையாகவே சந்தேகித்தது. வெளியான வேளையில் அது சாராம்சத்தில் உண்மையே என்று 2011-இல் ஜார்ஜியா மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறிவிட்டது. உண்மையான செய்தி ஒரு மனிதரின் வாழ்வைக் குலைத்தது என்ற இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது. முடிவை முதலில் சொன்ன வகுப்பு அந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை.

எனவே என் கருத்து இதுதான்: நிகழ்வு ஆய்வு என்பது முடிவெடுக்கும் கணத்துக்குச் சற்று முன்னால் வெட்டி நிறுத்தப்பட வேண்டும். அதன் பிறகு நடந்தது இரண்டாம் தாளில், விவாதம் முடிந்த பின்னரே வர வேண்டும். இந்த வடிவத்தில் தமிழ்ச் செய்தி அறைகளின் நிகழ்வுகளைத் தயாரிக்க விரும்புகிறேன். முதலாவதாக 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்த நிகழ்வை எடுத்துக்கொள்ளலாமா? அந்த நாள்களில் டெஸ்கில், அதாவது செய்திகளைத் தேர்ந்து திருத்தும் மேசையில், இருந்தவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இரவுப்பணி எழுதியது:

பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். நாளிதழ் ஒன்றில் செய்தி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வெட்டி நிறுத்த வேண்டும் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் எதை வெட்டுகிறீர்கள் என்பதோடு எதைச் சேர்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். தகவலை மட்டும் கொடுத்தால் மாணவர்கள் அதைத் தத்துவ வினாவாக மாற்றிவிடுவார்கள். டெஸ்கில் யாரும் வெளியிடலாமா என்று யோசிப்பதில்லை. முதல் பக்கமா, மாவட்டப் பக்கமா, எத்தனை பத்தி, படம் போடுவதா, தலைப்பில் பெயர் வருமா, வெளியூர்ப் பதிப்பு கிளம்பிவிட்டதால் நகரப் பதிப்பில் மட்டும் மாற்றலாமா என்றுதான் யோசிப்போம். அறம் என்பது எங்களிடம் பத்தி அளவாகவும் எழுத்துரு அளவாகவும்தான் வந்து நிற்கும்.

1961-இல் கியூபா மீதான அமெரிக்க ஆதரவுப் படையெடுப்பு குறித்து நியூயார்க் டைம்ஸ் எடுத்த முடிவை வகுப்பில் காட்டுங்கள். பொதுவாக அந்தச் செய்தியை அவர்கள் அமுக்கிவிட்டார்கள் என்றே சொல்லப்படுகிறது. அமுக்கவில்லை; ஏப்ரல் 7 அன்று முதல் பக்கத்திலேயே வந்தது. படையெடுப்பு உடனடியாக நிகழவிருக்கிறது என்ற குறிப்பை எடுத்தார்கள், தலைப்பின் அகலத்தைக் குறைத்தார்கள். போடுவது, போடாமல் விடுவது என்ற இரண்டுக்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று மாணவருக்குப் புரிய இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இன்னொன்று. உங்கள் வகுப்பில் முப்பது பேருக்கும் சமமான குரல் இருக்கும். செய்தி அறையில் அப்படி இல்லை. நள்ளிரவுப் பணியில் ஒரு மூத்த உதவி ஆசிரியரும், பக்கம் கட்டும் இளைஞர் ஒருவரும், தூக்கக் கலக்கத்தில் தொலைபேசியை எடுக்கும் தலைமை நிருபரும் இருப்பார்கள். ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுத்து உட்காரவையுங்கள். முடிவெடுக்கும் உரிமை ஒருவருக்கும், எதிர்ப்பைச் சொல்லும் கடமை இன்னொருவருக்கும் இருக்கட்டும்.

அவுட்புட் எழுதியது:

நடுக்காட்டுப்பட்டி நாள்களில் ஒரு தொலைக்காட்சியின் அவுட்புட் பிரிவில், அதாவது எது திரையில் போக வேண்டும் என்று பார்க்கும் பிரிவில், இருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எந்த நிறுவனமாக இருந்தாலும் சொல்லப்போவது பொருந்தும்.

முடிவெடுக்கும் கணம் என்று பேராசிரியர் சொல்கிறார். எங்களிடம் அப்படி ஒரு கணமே இருக்கவில்லை. அக்டோபர் 25 வெள்ளிக்கிழமை மாலை குழந்தை விழுந்தது. முதலில் ஸ்க்ரோல் (திரையின் அடியில் ஓடும் வரி), பிறகு திருச்சி நிருபரின் தொலைபேசிச் செய்தி, பிறகு நேரலை வாகனம். மற்ற நேரலைகளைப் போலவே சிறிது நேரம் காட்டிவிட்டு வழக்கமான புல்லட்டினுக்குத் திரும்பலாம் என்றுதான் அதைத் தொடங்கினோம். திரும்பவே இல்லை. தொடர்ந்து காட்ட வேண்டும் என்று யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. நிறுத்தலாம் என்று சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை, அவ்வளவுதான். பக்கத்துத் திரையில் போட்டிச் சேனல் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்துவது தனியொரு முடிவாகிவிடுகிறது, தொடர்வது முடிவாகவே தெரிவதில்லை. ஞாயிறு தீபாவளி. சிறப்பு நிகழ்ச்சிகளின் நடுவே திரையின் ஓரத்தில் சிறு பெட்டியாகக் கிணற்றடி தெரிந்துகொண்டே இருந்தது. 29-ஆம் தேதி அதிகாலை குழந்தையின் உடல் எடுக்கப்படும் வரை எண்பது மணி நேரத்துக்கு மேல் அது நீடித்தது.

ஆகவே இந்த நிகழ்வை ஒரே இடத்தில் வெட்டினால் தவறாகிவிடும். குறைந்தது நான்கு இடங்களில் வெட்ட வேண்டும். முதலாவது, கிணற்றுக்குள் இறக்கிய கேமராவின் காட்சி கைக்கு வந்த நேரம். அதில் மண் படிந்த குழந்தையின் கை தெரிந்தது. அதைக் காட்டுவது மீட்பில் நம்பிக்கையைத் தருகிறதா, அல்லது ஒரு குழந்தையின் துயரத்தை மறுபடி மறுபடி ஓட்டும் படச்சுருளாக்குகிறதா? ஒருமுறை காட்டினால் செய்தி. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் காட்டினால் அது என்ன? இரண்டாவது, பெற்றோரின் முன் மைக்கை நீட்டிய நேரம். மூன்றாவது, முதலில் முப்பது அடிக்குள் இருந்த குழந்தை 88 அடி வரை சரிந்துவிட்டது என்ற தகவல் வந்தபோது, அரங்கில் அமர்ந்து யார் வேண்டுமானாலும் மீட்புத் தொழில்நுட்பம் பேசிக்கொண்டிருந்த நேரம். கைக்குக் கிடைத்தவரை அழைத்து, பெயருக்குக் கீழே வல்லுநர் என்று எழுதினோம். நான்காவது, 28-ஆம் தேதி இரவு. கிணற்றிலிருந்து துர்நாற்றம் வருவதாகக் களத்திலிருந்து நிருபர் சொல்லிவிட்டார். அதிகாரிகளின் அறிவிப்பு நள்ளிரவைத் தாண்டித்தான் வந்தது. இடைப்பட்ட நேரத்தில் நெறியாளரை என்ன பேசச் சொல்வது? நம்பிக்கையோடு காத்திருக்கிறோம் என்றா? அந்தத் தாய் தொலைக்காட்சி பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறாரா என்று கேட்டவர் எங்கள் அறையில் ஒரே ஒருவர், அவரும் கிராபிக்ஸ் பிரிவில் இருந்த பெண்.

அதே நாள்களில், தூத்துக்குடியில் இந்த மீட்புப் பணியைப் பெற்றோர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களின் சிறுமகள் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்ததாகச் செய்தி வந்தது. அதை நாங்கள் ஒரு பிரேக்கிங் கார்டாகப் போட்டோம். அடுத்த நொடி மறுபடி கிணற்றடிக்குத் திரும்பினோம். இதை இரண்டாம் தாளில் வையுங்கள். முதல் தாளில் வைத்தால் உங்கள் மாணவர்கள் மீண்டும் நீதிபதிகள் ஆகிவிடுவார்கள்.

சட்டக்குறிப்பு எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. அறத் தாளில் சட்டத்தையும் கலந்து நடத்தும்போது, சட்டம் தடுக்காத அனைத்தும் அறமானவை என்ற எண்ணம் மாணவருக்கு எளிதில் வந்துவிடுகிறது. மும்பைத் தாக்குதல் இதற்குச் சான்று. 2008 நவம்பரில் பாதுகாப்புப் படையினரின் நகர்வுகளைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டியதைத் தடுக்கத் தெளிவான விதி இருக்கவில்லை. தாக்குதலில் உயிருடன் பிடிபட்ட கசாப் வழக்கின் 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2015-இல்தான் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளின் நேரலைக்குத் தடை சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் அது சரியான செயலாக இருந்ததென்று எவரும் வாதிட மாட்டார்கள்.

மறுபக்கத்துக்கு 2019 பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கை எடுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அடையாளம் இடம்பெற்றது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருபத்தைந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இப்போது மாணவரை இரவு ஒன்பது மணிக்கு உட்காரவையுங்கள். அரசாணையின் நகல் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. முத்திரை இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது. அரசே வெளியிட்டதை நாம் வெளியிடக் கூடாதா என்று ஒருவர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். கூடாது என்பதே சட்டம். 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில், பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும், பெற்றோரே அனுமதித்தாலும்கூட, உரிய நீதிமன்றத்தின் ஒப்புதல் இன்றி அடையாளத்தை வெளியிடக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆனால் அதைவிடக் கடினமான பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். மூன்று அணிகளாகப் பிரித்து, மூன்று நாளிதழ்களாக வையுங்கள். மூன்றும் பெயரை மறைத்து எழுதட்டும். ஒன்று கல்லூரியைச் சொல்லும், ஒன்று படிக்கும் ஆண்டைச் சொல்லும், ஒன்று அண்ணன் புகார் அளித்ததாகச் சொல்லும். பிறகு மூன்று செய்திகளையும் ஒரே பலகையில் ஒட்டுங்கள். ஊர்க்காரர் ஒருவருக்கு அந்தப் பெண் யாரென்று தெரிய எவ்வளவு நேரமாகும்? எந்த அணியும் தனித்துத் தவறு செய்யவில்லை என்று வாதாடும், அது வகுப்புக்கு நல்லது.

பகுதிநேரம் எழுதியது:

எல்லாரும் டெஸ்கைப் பற்றியே பேசுகிறீர்கள். தாலுகா அளவில் பகுதிநேர நிருபராக இருப்பவன் நான். உங்கள் நிகழ்வு ஆய்வுகளில் எங்களைப் போன்றவர்கள் "களத்திலிருந்து தகவல் வந்தது" என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறோம். அந்தத் தகவல் எப்படி வந்தது என்று யாராவது கேட்டீர்களா?

ஒரு நாள் மாலை காவல் நிலையத்தின் வாட்ஸ்அப் குழுவில் குறிப்பு வருகிறது. இருசக்கர வாகனம் திருடியதாக இரண்டு பேர் பிடிபட்டிருக்கிறார்கள். வயது பதினேழு. குறிப்பில் பெயர், தந்தை பெயர், தெரு, படிக்கும் பள்ளி எல்லாம் இருக்கின்றன. நடுவில் ஆய்வாளர் நிற்க, முகத்தை மறைக்காத படமும் இருக்கிறது. பதினெட்டு வயது நிறையாதவர்களின் அடையாளத்தை வெளியிடக் கூடாதென்று 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்வது எனக்குத் தெரியும். பெயரும் பள்ளியும் இல்லாமல், படமும் இல்லாமல், நான்கு வரி அனுப்பினேன். மறுநாள் போட்டிப் பத்திரிகையில் மூன்று பத்தி, படத்தோடு வந்தது. எங்கள் மாவட்ட அலுவலகத்திலிருந்து, செய்தியை ஏன் முழுமையாகத் தரவில்லை, படம் ஏன் மிஸ்ஸானது என்று விளக்கம் கேட்டார்கள். சட்டப் பிரிவைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை, பிறகு "அதை நாங்க பார்த்துக்குவோம், நீங்க வந்ததை அனுப்புங்க" என்றார்கள். ஆய்வாளருக்கும் வருத்தம், தன் படம் வரவில்லை என்பதால் அடுத்த இரண்டு குறிப்புகள் எனக்குத் தாமதமாகவே வந்தன. வந்த செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் தரப்படும் தொகையில்தான் என் பெட்ரோல் செலவே அடங்குகிறது.

நெறி தெரியாததால் தவறு நடக்கிறது என்று வகுப்பறை நம்புகிறது. பெரும்பாலும் நெறி தெரிந்தே நடக்கிறது. சம்பளத்தையும், காவல் நிலையத்தோடு நாளைக்கும் முகம் கொடுத்துப் பேச வேண்டிய நிலையையும் தாளில் எழுதாத நிகழ்வு ஆய்வு, வயிறு நிறைந்தவர்களின் பட்டிமன்றமாகத்தான் முடியும்.

வைகைக்கரை எழுதியது:

பகுதிநேரம் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கடைசி வரியில் உடன்பாடில்லை. அழுத்தம் இருக்கிறது என்று காட்டுவது வேறு, அழுத்தமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று கற்பிப்பது வேறு. நீங்கள் அந்தப் பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் விலக்கி நான்கு வரி அனுப்பினீர்கள் அல்லவா? அதே அழுத்தத்துக்குள் இருந்துகொண்டு எடுத்த முடிவுதான் அது. உங்கள் நிகழ்வையே ஒரு தாளாக எழுத விரும்புகிறேன். அதில் முடிவெடுக்க வேண்டியவர் நிருபர் அல்லர். அடுத்த நாள் விளக்கம் கேட்கச் சொல்லப்பட்ட மாவட்டப் பொறுப்பாளர். அந்த நாற்காலியில்தான் என் மாணவர்களை உட்காரவைப்பேன், ஏனெனில் ஐந்தாறு ஆண்டுகளில் அவர்கள் உண்மையாகவே அங்கேதான் இருப்பார்கள்.

நிகழ்வுகளுக்கான ஆதாரம் எங்கிருந்து கிடைக்கும் என்பதும் பெரிய கேள்வி. அமெரிக்காவில் செய்தி அறைகள் தம் தோல்விகளை ஆவணமாக்கித் தந்திருக்கின்றன. 1980-இல் எட்டு வயது ஹெராயின் அடிமைச் சிறுவனைப் பற்றி ஜேனட் குக் எழுதிய செய்தி புனைவு என்று தெரிந்து, 1981 ஏப்ரலில் அதற்குக் கிடைத்த புலிட்சர் இதழியல் விருது திருப்பி அளிக்கப்பட்டபோது, வாஷிங்டன் போஸ்ட் தன் வாசகர் குறைகேட்பாளர் பில் கிரீனின் நீண்ட விசாரணையைத் தன் பக்கங்களிலேயே வெளியிட்டது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2014-இல் வெளியிட்ட வர்ஜீனியா பல்கலைக்கழகக் கட்டுரை நொறுங்கியபோது, கொலம்பியா இதழியல் பள்ளியை அழைத்து ஆய்வு செய்யச் சொன்னது. 2015 ஏப்ரலில் அறிக்கை முழுமையாக வெளிவந்தது. நம்மிடம் தி இந்து 2006-இல் வாசகர்களின் புகார்களை விசாரிக்கும் வாசகர்களுக்கான ஆசிரியரை நியமித்ததைச் சொல்லலாம். தமிழ்ச் செய்தி அறை ஒன்று தன் தவறு எப்படி நேர்ந்தது என்று மணிக்கணக்கோடு எழுதி வெளியிட்டதை நான் கண்டதில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இரண்டாமாண்டு எழுதியது:

இந்த முறையில் படித்துக்கொண்டிருக்கும் மாணவி நான். ஜேனட் குக் நிகழ்வில் எங்கள் குழு ஆசிரியர் குழுவாக இருந்தது. போதைக் கும்பலின் மிரட்டல் இருப்பதால் சிறுவனின் அடையாளத்தைச் சொல்ல முடியாதென்று நிருபர் சொன்னதும், எங்களில் எல்லாரும் அவருடைய பாதுகாப்பைப் பற்றியே பேசினோம். நீ அந்தச் சிறுவனை எந்தத் தெருவில் பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதோடு, எட்டு வயதுப் பிள்ளைக்கு ஊசி போடப்படுவதை நேரில் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார் என்றால், செய்தி எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டாமா என்ற கேள்வியும் எழவில்லை. இரண்டாம் தாளில், செய்தி வெளியான பிறகு நகர நிர்வாகமும் காவல் துறையும் அந்தச் சிறுவனைத் தேடி அலைந்ததைப் படித்தபோதுதான் உறைத்தது. சிறுவனின் நலனைக் கேட்டிருந்தாலே பொய்யும் அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

ஒரு குறையும் உண்டு. மதிப்பெண் எப்படி வருகிறதென்று எங்களுக்குப் புரிவதில்லை. வெளியிட வேண்டாம் என்பவர்களுக்கு அதிக மதிப்பெண் கிடைக்கும் என்ற எண்ணம் வகுப்பில் பரவியிருக்கிறது.

இரவுப்பணி எழுதியது:

மகளே, அந்த எண்ணம் பரவியிருந்தால் அது ஆபத்துதான். எதையும் வெளியிடாத செய்தி ஆசிரியர் நல்லவர் அல்லர், பயனற்றவர். மதிப்பெண்ணுக்கு ஒரு வழி சொல்கிறேன்: முடிவுக்கு மதிப்பெண் வேண்டாம். முடிவை மாற்றக்கூடிய தகவல் எது என்றும், அதை இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் யாரைக் கேட்டால் பெறலாம் என்றும் எழுதச் சொல்லுங்கள்; அதற்கே பாதி மதிப்பெண். அட்லாண்டாவில் வெளியிடுவது என்றே வைத்துக்கொண்டாலும், சந்தேகிப்பது எஃப்பிஐயின் எந்த மட்டத்தில் இருப்பவர், எதை வைத்துச் சந்தேகிக்கிறார், கைதுக்கு அருகில் இருக்கிறார்களா என்ற மூன்று கேள்விகளுக்கான விடை முதல் பத்தியில் இருந்திருந்தால், அது வேறொரு செய்தியாகியிருக்கும்.

பெரிய நிகழ்வுகளோடு சின்னவற்றையும் சேருங்கள். நடுக்காட்டுப்பட்டி போன்ற ஒன்று ஒரு செய்தியாளரின் வாழ்வில் ஓரிரு முறை வரும். தேர்வு முடிவு வெளியான அன்று மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற காப்பி, அதாவது நிருபர் அனுப்பும் செய்தி, ஆண்டுதோறும் வரும். தோல்வியே காரணம் என்று தலைப்பில் எழுதலாமா, வழிமுறையைச் சொல்லலாமா, எந்தப் பக்கம், உதவி எண் எங்கே? 1987-இல் வியன்னா சுரங்க ரயில் தற்கொலைகளைச் செய்தித்தாள்கள் எழுதும் முறையை மாற்றிக்கொண்டபோது அந்தச் சாவுகள் பெருமளவு குறைந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளை ஒட்டி நம் பத்திரிகை மன்றமும் 2019-இல் வழிகாட்டுதலை ஏற்றது. இவ்வளவு தெளிவான சான்று ஊடக அறத்தின் வேறெந்தப் பகுதியிலும் கிடையாது. அந்தக் காப்பியைத் திருத்த எங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம்; மாணவர்களுக்கும் பத்து நிமிடமே கொடுங்கள். வாதம் வேண்டாம், திருத்திய காப்பியை வாங்குங்கள்.

அவுட்புட் எழுதியது:

28-ஆம் தேதி இரவுக்கான புல்லட்டின் வரிசையை நினைவிலிருந்து எழுதித் தர முடியும். நிறுவனத்தின் ஆவணத்தைத் தர எனக்கு உரிமை இல்லை, கேட்கவும் வேண்டாம். பயிற்சி நடக்கும்போது ஒரு மூலையில் போட்டிச் சேனலின் ஒளிபரப்பை ஓடவிடுங்கள், ஒலியைக் குறைக்காமல். அது இல்லாமல் இந்தப் பாடம் நடக்காது.

பகுதிநேரம் எழுதியது:

என் நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள், பேராசிரியரே. ஆனால் மாவட்டப் பொறுப்பாளரின் நாற்காலியில் மாணவரை உட்காரவைக்கும்போது, அவருக்கு மேலிருந்து வந்த கேள்வியையும் தாளில் எழுதுங்கள். அவரும் தானாகவே என்னைக் கேட்கவில்லை. காவல் துறைக் குறிப்பின் நகலைப் பெயர், ஊர், நிலையம், படம் அனைத்தையும் அழித்துவிட்டு இந்த வாரத்தில் அனுப்புகிறேன். அழித்த பிறகு என்ன மிஞ்சுகிறதோ, அதை வைத்து உங்கள் மாணவர்கள் நான்கு வரிச் செய்தி எழுத முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.